காலை வைத்துக் காட்டு

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் காசு கையில் தங்குவதில்லை. வெந்நீரில் காலை வைக்க ஒரு மெஷினாம், அதை விற்க ஒரு கடையாம். பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

"விலை மலிவுதான் ஐயா," என்றாள் விற்பனைப் பெண். "தண்ணி சூடாகி, குமிழி வந்து, காலைப் பிடிச்சு விடும். வலி பறந்துடும்."

"வாயால சொன்னா எல்லாம்தான் பறக்கும். காலை வச்சுக் காட்டு."

"நீங்க வச்சுப் பாருங்களேன்."

"ஊரான் கால் வச்ச தொட்டியில நானா? நீயே வை."

அவள் மேனேஜரைப் பார்த்தாள். அவர் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய பாதங்களைத் தொட்டிக்குள் விட்டாள். கண்கள் தாமாகச் செருகின.

"சூடு பத்தலையே," என்றார் பெரியவர். "இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க," என்று மேனேஜர் சிடுசிடுத்தார். "வாங்கறீங்களா, இல்லையா?"

"என் காசு. நான் யோசிச்சுத்தான் வாங்குவேன்."

"போதும், எழுந்திரும்மா. அந்தப் பக்கம் ஆள் நிக்குது."

கால் துடைக்கும் சாக்கில் குனிந்தவள் கிசுகிசுத்தாள்: "தினம் வராதீங்கப்பா. அவருக்குச் சந்தேகம் வந்துடும். நிக்கிற வேலை, பழகிடும்."

கடை மூடும்வரை விற்பனை ஆட்கள் உட்காரக் கூடாது. மெஷினை வாங்கிவிட்டாலோ, நாளை மகளை உட்காரவைக்கப் பெரியவருக்கு ஒரு சாக்கும் இருக்காது.

"எனக்கு நம்பிக்கை வரலை," என்று மேனேஜர் காதில் விழும்படி சொன்னார். "நாளைக்கு இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்."

திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார்.