சனிக்கிழமை மன்னிப்பு

“மன்னிச்சாச்சு அண்ணாச்சி. போன மாசமும் மன்னிச்சாச்சு, அதுக்கு முந்தின மாசமும் மன்னிச்சாச்சு. சிலிண்டர்காரரு மாதிரி மாசந்தவறாம வந்து நிக்கீகளே.”

மாரித்தாய் நிமிராமலே சொன்னாள். வெடிக்கான காகிதக் குழாயை உருட்டிப் பசை தடவி, பக்கத்துக் குவியலில் போட்டாள்.

வெள்ளைத்துரை செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். அவள் கணவன் கருத்தப்பாண்டி அவருக்குக் கீழே வெடிமருந்து அறையில் வேலை பார்த்தவன். பத்து மாதங்களுக்கு முன்பு அந்த அறை வெடித்து அவன் செத்துப்போனான்.

“நாளைக்குச் சர்ச்சுல திருவிருந்து, தாயி” என்றார்.

“அதான் தெரியுதே. மொத ஞாயித்துக்கு முந்தின சனின்னா நீங்க வந்திருவீக. இன்னமும் அந்த அப்பத்தை வாங்கலையாக்கும்?”

வாங்கவில்லை. யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரோடு சரிசெய்துகொண்டுதான் கர்த்தருடைய பந்திக்குப் போக வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர் அவர். அதற்காகத்தான் மாதாமாதம் வந்தார். அவளும் மன்னித்தாள். ஆனாலும் மறுநாள் வரிசை முழுக்க எழுந்து பீடத்துக்குப் போகும்போது, முழங்காலை ஒதுக்கி வழிவிட்டுக்கொண்டு அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மனைவி ஞானசுந்தரியும் அவரைத் தாண்டித்தான் போவாள்.

“போன மாசம் சபைச் செயலர் கேக்காரு, வயித்துக்குச் சரியில்லையான்னு.”

அவள் சிரித்துவிட்டாள். “ஆமான்னு சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னேன். கோவிலுக்குள்ள நின்னு அந்தப் பொய்யும் சொன்னேன்.”

“உக்காருங்க. டீ போடுறேன்.”

“வேண்டாம் தாயி. நீ மன்னிச்சது செல்லாது.”

அவள் கை நின்றது. “ஏன், நான் உங்க வேதக்காரி இல்லைன்னா?”

“அதில்ல. என்ன செஞ்சேன்னு சொல்லாமலேதான மன்னிப்பை வாங்கிட்டுப் போறேன்.”

அன்றைக்கு என்ன நடந்தது என்று அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதை அவளுடைய பெருந்தன்மை என்று அவர் நினைத்திருந்தார். அதுதான் அவரை இன்னும் கூசவைத்தது.

“விடுங்க அண்ணாச்சி. இப்ப எதுக்கு அதெல்லாம்.”

“சொல்லாட்டி நாளைக்கும் என்னால எந்திரிக்க முடியாது.” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கேட்டுல நின்னு ஒவ்வொருத்தரையும் பாத்து உள்ள விடுறது என் வேலை. மருந்து அறைக்குப் பருத்தித் துணிதான் உடுத்தணும். பாலியஸ்டர்னா உரசுறதுல நெருப்புப்பொறி வந்திரும். அந்தச் சட்டையோட யாரு வந்தாலும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிருவேன். பன்னெண்டு வருசமா ஒருத்தரையும் விட்டதில்ல.”

“தெரியும்” என்றாள்.

“அன்னிக்கு ஆடிக் கடைசி வெள்ளி. பாதிப் பேரு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் போயிட்டாக. தீபாவளி ஆர்டர், லோடு போயாகணும். வந்தவுக உள்ள போனாப் போதும்னு நின்னேன். கருத்தப்பாண்டி என் கண்ணு முன்னாலதான் போனான். பளபளன்னு ஊதாச் சட்டை. பாத்தேன் தாயி. பாத்துட்டுப் பேசாம இருந்தேன். போலீசு கேட்டப்ப, கவனிக்கலைன்னு சொல்லிட்டேன்.”

தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். திட்டுவாள், பசைக் கிண்ணத்தைத் தூக்கி எறிவாள் என்று காத்திருந்தார். எறிந்தால் நல்லது என்றுகூடத் தோன்றியது.

துண்டை விலக்கியபோது மாரித்தாய் எழுந்து அவர் எதிரில் வந்து நின்றிருந்தாள். இந்தப் பத்து மாதத்தில் அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“வேலைக்குப் போடுற பருத்திச் சட்டை அவருக்கு ரெண்டுதான் அண்ணாச்சி. அன்னிக்கு இருக்கன்குடிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னேன். சீசன்ல லீவு கேக்க முடியாதுன்னாரு. விடியுமுன்ன எந்திரிச்சு ரெண்டையும் வாளித் தண்ணியில முக்கிப் போட்டேன்.”

அவர் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தார்.

“ஊதாச் சட்டையில போனா எப்படியும் நீங்க திருப்பி அனுப்பிருவீகன்னு நினைச்சேன். நல்ல சேலையைக் கட்டிக்கிட்டு, பூவும் வச்சிக்கிட்டு, இந்த வாசல்லதான் உக்காந்திருந்தேன்.”

விரல்களில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டே அவள் கேட்டாள்:

“நாளைக்குப் பந்திக்குப் போறப்ப, என்னையும் மன்னிக்கச் சொல்லி உங்க சாமிகிட்ட கேப்பீகளா?”