துவைத்த சட்டை

கியோத்தோவில் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் வாசனை ஆய்வகம் சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்தாருக்காகத் திறந்திருக்கும். இறந்தவர் உடுத்திய துணியைக் கொடுத்தால், அவருடைய வாசனையைக் குப்பியில் பிடித்துத் தருவார்கள்.

ஒகாதா அம்மாள் கணவரின் சட்டையை இரு கைகளாலும் பணிவாக நீட்டினாள். "ஒரே ஒரு தடவை அவரை முகர்ந்து பார்த்தா போதும், டாக்டர்."

ஆராய்ச்சியாளர் பூங்கோதை அதைக் கருவிக்குள் வைத்தாள். திரையில் வந்தது ஒரே வார்த்தை. சோப்பு.

"துவைச்சுட்டீங்களாம்மா?"

"பின்னே? அழுக்குச் சட்டையோடயா யுனிவர்சிட்டிக்கு வருவாங்க? இஸ்திரியும் போட்டேன்."

பூங்கோதை தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அம்மாளின் முகம் வாடிவிட்டது. வீட்டில் இருக்கும் அவர் துணி எல்லாமே துவைத்து மடித்தவைதானாம்.

ஜூன் மாதப் புழுக்கத்திலும் அவள் கழுத்தில் ஓர் ஆண்பிள்ளை மப்ளர் இருப்பதைப் பூங்கோதை அப்போதுதான் கவனித்தாள்.

"அது யாரோடது?"

அம்மாள் சட்டென்று அதைக் கையால் மூடினாள். "அவரோடதுதான். மூணு வருஷமா துவைக்கலை. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, மானம் போயிடும்."

மப்ளர் உள்ளே போனது. திரையில், 'மனிதர்கள் இருவர்.'

"நீங்களே போட்டுக்கிட்டதால உங்க வாசனையும் கலந்திருக்கு. அரை மணி நேரத்துல பிரிச்சுடறேன்."

பொத்தானை நோக்கிப் போன பூங்கோதையின் கையை அம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் டாக்டர், அப்படியே குடுங்க. அவர் இருந்தப்போ எங்க வீடு அப்படித்தான் மணக்கும்."