அப்பா எடுத்த உண்ணி

நாற்காலி இருந்தது. அவன் உட்காரவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம், வெள்ளைக் கோட்டு அணிந்த பெண்மணி நுண்ணோக்கியின்மேல் குனிந்திருந்தார். கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வகம். சுவரில் ஒரு பசுவின் படம். பாதி உடல் தோலோடும் பாதி உடல் குடலோடும் அமைதியாக நின்றுகொண்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே பதினொரு மணி வெயில்.

அவன் கொண்டுவந்தது தினசரி காலண்டரில் கிழித்த ஒரு தாள். நான்காக மடித்தது. நல்ல நேரம் என்று அச்சிட்ட இடத்துக்கு மேலே, செலோ டேப் போட்டு ஒட்டிய ஓர் உண்ணி.

பன்னிரண்டு நாளைக்கு முன், பள்ளி விட்டு வந்த மகளுக்குத் தலை வாரும்போது விரலில் தட்டுப்பட்டது. பிடுங்கினான். தரையில் போட்டு நசுக்கப் போனான்.

தன்ஷிகா விடவில்லை. எதையும் ஒட்டி வைக்க வேண்டும் அவளுக்கு. இறகு, பஸ் டிக்கெட், தட்டானின் இறக்கை.

"கருமம், தூக்கிப் போடு அம்மிணி."

அவள் போடவில்லை.

தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். அப்பா எடுத்தது. இடது காதுக்குப் பின்னாடி.

தேதி ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

ஆறு நாளாக அவளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் டெங்கு இல்லை என்றார்கள். டைபாய்டு இல்லை. மலேரியா இல்லை. முதல் இல்லைக்கு மகிழ்ந்தான். மூன்றாவது இல்லைக்கு மகிழ முடியவில்லை.

இன்று காலை அவனைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள்.

அதன் பிறகுதான் மருத்துவர் அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சிவப்புப் புள்ளிகள். உள்ளங்காலிலும். ஏதாவது பூச்சி கடித்ததா என்று கேட்டார். அவன் உண்ணியைச் சொன்னான். எல்லா உண்ணியும் காய்ச்சலைத் தராது, சில வகைதான் தரும், எந்த வகை என்று தெரிந்தால் குழப்பம் தீரும் என்றார்.

வீட்டுக்கு ஓடினான். அவளுடைய பென்சில் பெட்டியின் அடியில் தாள் இருந்தது.

பேருந்தில் வேண்டிக்கொண்டே வந்தான். ஒன்றும் செய்யாத, சாதுவான உண்ணியாக இருக்கட்டும்.

பாதி வழியில் நிறுத்தினான். அப்படியென்றால் இந்தக் காய்ச்சலுக்குப் பெயர் கிடைக்காது. பெயர் தெரியாததற்கு என்ன மருந்து கொடுப்பார்கள்?

மாற்றி வேண்டினான்.

என் பிள்ளையைக் கடித்தது கெட்டதாகவே இருக்கட்டும்.

சொல்லிவிட்டு, பக்கத்து இருக்கைக்காரருக்குக் கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தான்.

"வந்து பாருங்க," என்றார் பெண்மணி.

குனிந்தான். முதலில் தன் இமைமுடி மட்டும் தெரிந்தது. பிறகு வெளிச்சம். வெளிச்சத்தின் நடுவில் காபி நிறத்தில் ஒரு தீவு. அதற்கு எட்டுக் கால்கள்.

"தலையோட அடிப்பாகம் ஆறு பக்கமா இருக்கு பாருங்க. பின்னாடி ஓரத்துல பாவாடை மாதிரி மடிப்பு. மாட்டு உண்ணிக்கு இந்த மடிப்பு வராது. இது நாய் உண்ணி."

"கெட்டதுங்களா?"

"காய்ச்சலைப் பரப்பற வகைதான்."

அவன் மூச்சு கண்ணாடியில் படிந்தது. தீவு மறைந்தது.

அவர் மருத்துவருக்குப் போன் செய்தார். ஆமாம் என்றார். பன்னிரண்டு நாள் என்றார். காது, இடது காது என்றார். வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"இப்பவே மருந்து ஆரம்பிச்சிடறாங்க. பாக்டீரியாதான். பழைய மருந்து, நல்லா கேக்கும். ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் எறங்கிடும்."

அவன் உட்கார்ந்தான்.

நாற்காலி நல்ல நாற்காலி. அதில் கைப்பிடி இருப்பதை இப்போதுதான் பார்த்தான்.

அவர் தாளை எடுத்துப் படித்தார்.

"இது யாரு எழுதுனது?"

"பொண்ணுங்க மேடம். நாலாவது படிக்கறா."

"எங்க காலேஜ் பசங்க ஆராய்ச்சிப் படிப்பு படிக்கறாங்க. எடத்தை எழுதுனா தேதியை விட்டுடுவாங்க." சிரித்தார். "வீட்டுல நாய் வளக்கறீங்களா?"

"இல்லீங்க. நாய்ன்னா அவளுக்குப் பயம். எங்க தெருமுனையில ஒண்ணு படுத்திருக்கும். அதைப் பாத்தாலே என் கையைப் புடிச்சு வேகமா இழுத்துட்டுப் போயிருவா."

அவர் நுண்ணோக்கியின் தட்டைக் கொஞ்சம் நகர்த்தினார். எழுந்து இடம் விட்டார்.

அவன் மறுபடி குனிந்தான்.

உண்ணிக்குப் பக்கத்தில், டேப்பின் பசையில், நாலைந்து முடிகள். குட்டையானவை. வெள்ளை. நுனி மட்டும் பழுப்பு.

மனித முடி இல்லை.

டேப்பை அழுத்திய சின்ன விரலிலிருந்து ஒட்டியிருக்க வேண்டும்.

தெருமுனை நாயின் நிறம்.

இரண்டு மாதமாகப் பள்ளிக்குக் கூடுதலாக இரண்டு இட்லி கேட்கிறாள். பிள்ளைக்கு இப்போதுதான் பசியெடுக்கிறது என்று அவனும் மனைவியும் மாறி மாறிச் சொல்லி மகிழ்ந்தார்கள்.

ஆறு நாளாக டிபன் பாக்ஸ் கழுவிக் கவிழ்த்தபடி கிடக்கிறது.

போன் அடித்தது. மனைவி.

"குடுத்துட்டாங்க. முழுங்கிட்டா."

"சரி," என்றான். "சரி, சரி."

உண்ணியை ஆய்வகம் வைத்துக்கொண்டது. தாளை அவனிடமே கொடுத்து, மகளிடம் பத்திரமாகச் சேர்க்கச் சொன்னார்கள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். கதவு வரை போனவன் திரும்பினான்.

"மேடம், நாய்க்கு உண்ணி போறதுக்கு மருந்து இருக்குங்களா?"

"இருக்கு. எடையைப் பொறுத்துக் குடுக்கணும். நாய் எத்தனை கிலோ?"

அவன் யோசித்தான்.

"அது தெரியலீங்க. தெனமும் ரெண்டு இட்லி திங்கும்."