பல்லில் பிடித்த முடிச்சு

பதினேழு ரூபாய். ரெமிஜியுஸுக்கு அவர் தரவேண்டியது.

முன்பல் இரண்டைப் பிடுங்க வாங்கியது. வலி போய்விட்டது. கடன் அப்படியே நின்றது.

ரெமிஜியுஸ் ஊர்க்காரப் பையன். இப்போது தொலைவில் தெரியும் போர்க்கப்பலின் உச்சிக் கூண்டில் தூரக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தான். குண்டு இலக்கைத் தாண்டிற்றா, குறைந்ததா, எத்தனை கெஜம் என்று கண்மதிப்பாய்ச் சொல்வது அவன் வேலை. அவன் சொன்னபடி பீரங்கி ஏறும், இறங்கும்.

அவர் நின்றது இழுவைப் படகில். பின்னால் நீள வடத்தில் துணி கட்டிய இலக்கு மிதந்து வந்தது. குண்டு விழுந்து தண்ணீர் எழும்பும் இடத்தைப் பக்கவாட்டில் அளந்து சொல்ல வேண்டும்.

கையில் வரிசையாய் ஆணி அடித்த சட்டம். ஆணிக்கு ஆணி நூறு கெஜம். சட்டத்தில் ஒரு நூல். நூலில் ஒரு முடிச்சு. முடிச்சை முன்பல்லில் கடித்து, நூல் விறைக்கச் சட்டத்தை நீட்டிப் பிடித்தால் சரியாக இரண்டு சாண். சட்டம் அதைவிடத் தள்ளிப் போனால் ஆணிகள் நெருங்கித் தெரியும், கணக்குக் கெட்டது. மிச்ச நூல் கழுத்தைச் சுற்றியிருக்கும், சட்டம் கடலில் விழாமல்.

வடம் இழுத்தே முதுகு போன ஆள் அவர். சட்டம் பிடிக்கிற வேலை வந்த பிறகுதான் மூச்சு விட்டார். பல் போனதை அதிகாரியிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி வடம்.

முதல் குண்டு.

இலக்குக்கு அப்பால் தண்ணீர் பனை உயரம் எழும்பியது. மூன்று ஆணி என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

அடுத்தது இந்தப் பக்கம். அதுவும் மூன்று.

இன்னும் இரண்டு அப்படியே போயின.

பிறகுதான் பார்த்தார்.

முடிச்சு உதட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

பல் இல்லாத சந்து வழியாக எப்போதோ நழுவியிருக்கிறது. கடைவாய் கடித்துக்கொண்டிருந்தது வெறும் நூலை. இரண்டு ஆணியை அவர் மூன்றென்று சொல்லியிருக்கிறார்.

அடுத்தது வருது என்றார் அதிகாரி.

முடிச்சை உள்ளே இழுத்துக் கடைவாயில் இறுக்கினார்.

அதற்கும் கடைசிக் குண்டுக்கும் இரண்டு ஆணி என்றார்; முன்பு சொன்ன மூன்றுகளைத் திருத்தவில்லை.

சாயங்காலம் கப்பல் கணக்கையும் படகுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ரெமிஜியுஸ் இருநூறு என்ற இடத்தில் எல்லாம் படகு முந்நூறு என்றது. படகு சொன்னால் சொன்னதுதான். கடைசி இரண்டு மட்டும் ஒத்துப்போனது குருட்டு அதிர்ஷ்டமாம்.

ரெமிஜியுஸை உச்சியிலிருந்து இறக்கிவிட்டார்கள். இனிக் கப்பலின் அடிவயிற்றில் குண்டு தூக்க வேண்டும்.

அன்று சம்பள நாள். பதினேழு ரூபாயை எண்ணி எடுத்துக்கொண்டு கப்பல்துறைக்குப் போனார். பணத்தைக் கொடுக்கும்போதே முடிச்சு நழுவியதையும் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டார்.

ரெமிஜியுஸ் தன் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். நீட்டிய ரூபாயை வாங்கி, எண்ணாமல், அவர் சட்டைப்பையிலேயே திணித்தான்.

"வச்சுக்கங்கண்ணே. பல்லு கட்டிக்கங்க. என் கண்ணு தப்பா சொல்லும், உங்க ஆணி தப்பா சொல்லுமா? கடன் தீந்துச்சு, போங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அவர் வாய் திறந்தது.

சந்தில் காற்றுப் பட்டது. கையால் பொத்திக்கொண்டார்.