ஈர்க்கு முள்

காலை வெயில் மேசைமேல் விழுந்து கிடக்கிறது. மெர்வின் தானே செய்த மீட்டர் அதில் மினுங்குகிறது. பழைய ஃபேனிலிருந்து உருவிய செம்புக்கம்பியைச் சுற்றிய சுருள், நடுவே சின்னக் காந்தம், காந்தத்தில் ஒட்டிய தென்னை ஈர்க்குதான் முள். அதன் வயர்கள் மனைவி ஜெபக்கனியின் வலது கையில் ஒட்டியிருக்கின்றன. ராஜபாளையத்து மில்லில் ஓடும் பெல்ட்டில் சிக்கிய கை. ஏழு மாதமாக அசையவில்லை. நரம்பில் துளி உயிர் இருந்தாலும் முள் எழும்பும் என்று சொல்லித்தான் அவளை உட்காரவைத்திருக்கிறான். “மடக்கு, பாப்போம்.” அவள் பல்லைக் கடிக்கிறாள்; கழுத்து வியர்க்கிறது. விரல்கள் கிடந்தபடியே கிடக்கின்றன. முள் மட்டும் நடுங்கி நடுங்கிப் பாதிவரை எழும்புகிறது. “என்னங்க, உசுரு இருக்கு! பாருங்க, உசுரு இருக்கு!” அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன. அப்போது கரண்ட் போகிறது. மேலே ஃபேன் சுற்றி அடங்குகிறது. முள்ளும் பூஜ்யத்தில் படுத்துவிடுகிறது. மீட்டர் ஓடுவது பக்கத்திலிருக்கும் பேட்டரியில்; கரண்ட் போனாலும் முள் நின்றிருக்கக் கூடாது. இவ்வளவு நேரம் முள்ளை ஆட்டியது அவள் நரம்பல்ல, சுவர் வயரிலிருந்து மீட்டர் இழுத்துக்கொண்ட வீட்டுக் கரண்ட். அவள் இன்னும் கையை மடக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். “கரண்டு இல்லாம மீட்டர் ஓடாதுல்லங்க?” என்று கேட்கிறாள். மெர்வின் உள்ளங்கையால் பேட்டரியை மூடிக்கொள்கிறான். “ஓடாதுட்டி. கரண்டு வரட்டும்.”