பன்னிரண்டு பேட்

திருவனந்தபுரத்துக் கல்லூரியில் பேஸ்பால் கோச்சாக இருக்கும் நயினார், ஆறு வருடமாகப் புது பேட் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். இருந்த ஒரே பேட்டும் விரிசல் விட்டு, டேப் சுற்றிக் கிடந்தது. "கிரிக்கெட் பேட் போதாதா?" என்றே ஒவ்வொரு தடவையும் பிரின்சிபாலிடமிருந்து பதில் வந்தது.

இன்று பன்னிரண்டு புது பேட் ஆபீஸில் வந்திறங்கின!

"பிரின்சிபாலுக்கு இப்பமாவது புத்தி வந்துதே" என்று அள்ளப் போனார் நயினார்.

"தொடாதீங்க சார், அது வாட்ச்மேன்மாருக்கு, தெருநாயை விரட்ட" என்றாள் கிளார்க் விஜயம். "நேத்து பிரின்சிபாலை நாய் கடிச்சுதுல்லா?"

நயினாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்பம் ஸ்டேட்டுக்கு ஆடுனவன் நான் இங்க எதுக்கு இருக்கேன்?"

விஜயம் ஒரு தாளை நீட்டினாள்.

"சாருக்கும் ஆர்டர் உண்டு, கேட்டோ. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாட்ச்மேன்மாருக்கு கோச்சிங்."