செருப்பை உதறுங்க

"செருப்பை நல்லா உதறுங்க. எங்க மணல் எங்ககிட்டயே இருக்கட்டும்."

டெல்வீன் இதைச் சொல்லாமல் ஒருவரையும் வண்டியில் ஏறவிட மாட்டாள். குவீன்ஸ்லாந்து கரையை ஒட்டிய அந்தத் தீவு அவளுடைய பூர்வகுடி மக்களுடையது. வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது அவள். வண்டி ஓட்டுவது தங்கை மேவிஸ்.

அன்று காலையில் ஒரு பெரியவர் நகத்தளவு சிப்பி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டெல்வீன் விட்ட டோஸில் மனுஷன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

இப்போது மணி மூன்றேமுக்கால். நாலரைக்குக் கடைசிப் படகு. பதினோரு பேர் வண்டிக்குள் வெந்துகொண்டிருக்க, டெல்வீனோ தண்ணீர் ஓரமாக ஒரு வெள்ளைக்கார அம்மாவோடு நின்றுகொண்டிருந்தாள். அந்த அம்மாவின் கையில் ஒரு சின்னப் பெட்டி.

மேவிஸ் இறங்கிப் பாதி தூரம் நடந்து போய்க் கூப்பிட்டாள்.

"அக்கா, படகு நமக்காக நிக்காது."

"அஞ்சு நிமிஷம்டி."

"அரை மணி முன்னாடியும் இதைத்தான் சொன்ன. என்னவாம் அந்தம்மாவுக்கு?"

டெல்வீன் அருகே வந்து குரலைத் தாழ்த்தினாள். "இவங்க பையன் பள்ளிக்கூடத்துல டூர் வந்தப்ப இங்கேருந்து என்னத்தையோ எடுத்துட்டுப் போயிட்டானாம். போன மாசம் இறந்துட்டான். திருப்பிக் குடுத்துடும்மான்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டுப் போயிருக்கான்."

சிப்பியாகவோ சங்காகவோ இருக்கும். இப்படி அவர்களுடைய டூர் ஆபீசுக்கு மாதம் பத்துப் பார்சல் வருகிறது, எடுத்ததிலிருந்து கஷ்டகாலம், மன்னித்துவிடுங்கள் என்ற கடிதத்தோடு. எதை எந்தக் கரையில் கொண்டுபோய் வைப்பது என்று மண்டை காய்வது மேவிஸுக்குத்தான்.

"எடுக்கும்போது எங்க போச்சு புத்தி?" என்று முணுமுணுத்தபடி வண்டிக்குத் திரும்பினாள்.

"எனக்கு ஒரு சட்டம், அவங்களுக்கு ஒரு சட்டமா?" என்றார், அது காதில் விழுந்த சிப்பிப் பெரியவர்.

"அவகிட்டயே கேளுங்க சார். நான் வெறும் டிரைவர்."

கண்ணாடி வழியே பார்த்தாள். டெல்வீன் ஈர மணலை அள்ளி அந்த அம்மாவின் உள்ளங்கைகளில் தேய்த்து, கடலில் வீசச் சொன்னாள். முன்னோர்களுக்குப் புது ஆளை அறிமுகம் செய்வது அப்படித்தான். பிறகு தங்கள் மொழியில் உரக்கப் பேசினாள். அந்த அம்மா பெட்டியைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தார்.

அதுவரைக்கும் சரி. ஆனால் டெல்வீன் பெட்டியில் இருந்ததைக் கரையில் வைக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மேவிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரையெல்லாம் செருப்பை உதற வைக்கிறவள் செய்கிற வேலையா இது?

அந்த அம்மா ஏறி உட்கார்ந்து, காலையிலிருந்து தொடாத சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

மேவிஸ் எல்லாரையும் கொண்டுபோய்ப் படகில் ஏற்றிவிட்டாள். படகு போனதும் அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"பையில இருக்கறதை எடு."

"எதுக்குடி?"

"நான் பார்த்தேன். செத்த பிள்ளை திருப்பிக் குடுக்கச் சொன்ன பொருளைப் போய் அமுக்கிட்டு வந்திருக்கியே, வெக்கமா இல்ல?"

டெல்வீன் எடுத்து நீட்டினாள். கறுப்பாக, வழுவழுவென்று ஒரு கூழாங்கல்.

மேவிஸ் அதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள். "நம்ம தீவுல ஏதுக்கா கல்லு? தோண்டத் தோண்ட மணல்தானே?"

"பெட்டியைத் திறந்ததுமே தெரிஞ்சு போச்சு. வெளியூர்க் கல்லை நம்ம கரையில போட முடியுமா? அதான் எடுத்துட்டு வந்தேன்."

"அதை அந்தம்மாகிட்டயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. வேலையும் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்."

"சொல்லியிருக்கலாம்," என்று டெல்வீன் கல்லை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "அப்புறம் அவங்க இதைத் தூக்கிட்டு இன்னும் எத்தனை தீவுல போய் மன்னிப்புக் கேட்டுட்டு நிக்கறது?"